லாரி ஏர் பிரேக்கில் ரிலே வால்வு: கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பின்பக்கம் காற்று போய்க்கிட்டே இருக்கு, டேங்கு நிக்க மாட்டேங்குது" என்று ஒரு லாரி பட்டறைக்கு வந்தால், முதலில் கை போவது ரிலே வால்வுமேல்தான். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது! புது வால்வு வாங்கி மாட்டுவார்கள். சத்தம் நிற்காது. இன்னொன்று மாட்டுவார்கள், அதற்கும் நிற்காது. கடைசியில் கடைக்காரர்மேல் பழி விழும்.

ரிலே வால்வு என்பது காற்று வெளியேறும் வாசல். வாசலில் காற்று வருவதாலேயே ஓட்டை வாசலில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தூக்கிப் போடப்படும் ரிலே வால்வுகளில் பல நல்ல வால்வுகள்தான். இது ஏன் என்று புரிய, வால்வுக்குள் நடப்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சோதனை, ஸ்பேனர் எல்லாம்.

இந்த வால்வு எதற்கு?

காலால் மிதிக்கும் டூயல் பிரேக் வால்வு கேபினுக்குக் கீழே இருக்கிறது. பின் சக்கரத்து பிரேக் சேம்பர், அதாவது காற்றை வாங்கி பிரேக்கைத் தள்ளும் டப்பா, அங்கிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு 30ஆம் நம்பர் சேம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 30 என்பது உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வான டயாஃப்ரத்தின் பரப்பு: 30 சதுர அங்குலம், அதாவது ஏறக்குறைய 193 சதுர சென்டிமீட்டர். 6 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) காற்று அதன்மேல் அழுத்தினால் புஷ் ராடில், அதாவது பிரேக்கைத் தள்ளும் தண்டில், சுமார் 1,180 கிலோ விசை கிடைக்கும். ஆனால் புஷ் ராடு 2 அங்குலம் நகர்ந்தால் சேம்பருக்குள் உண்டாகும் இடம் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரை 6 பாருக்கு நிரப்ப, வெளிக்காற்றுக் கணக்கில் 6 லிட்டர் வேண்டும். பின்னால் இரண்டு ஆக்சில் உள்ள டாரஸ் வண்டியில் இப்படி நான்கு சேம்பர்.

இவ்வளவு காற்றும் டேங்கிலிருந்து கேபினுக்கு வந்து, கால் வால்வுக்குள் நுழைந்து, மெல்லிய பைப் வழியாகத் திரும்பப் பின்னால் போய்ச் சேர நேரம் பிடிக்கும். பிரேக்கை விடும்போதும் அதே காற்று அதே வழியாக முன்னால் வந்துதான் வெளியேற வேண்டும். பிடிப்பதும் தாமதம், விடுவதும் தாமதம்.

எவ்வளவு தாமதத்தைப் பொறுக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 13ஆம் எண் பிரேக் விதிப்படி, மிதியை 0.2 வினாடியில் முழுக்க அழுத்தினால், மிகவும் பின்தங்கிய சேம்பரிலும் 0.6 வினாடிக்குள் முக்கால் பங்கு அழுத்தம் வந்துவிட வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி அந்த 0.6 வினாடியில் 10 மீட்டர் போய்விடும். ஒரு லாரி நீளம்.

இதற்குத்தான் பின்பக்கத்திலேயே, சேம்பர்களுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே வால்வு. டேங்கிலிருந்து தடிமனான குழாய் நேராக இதற்கு வந்து காத்திருக்கும். கால் வால்விலிருந்து வருவது உத்தரவு மட்டும். ஹாரன் ரிலே மாதிரிதான்: ஸ்டீயரிங் பட்டனில் ஓடுவது சின்னக் கரன்ட், ஹாரனுக்குப் போகும் பெரிய கரன்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. ஹாரன் ரிலேவுக்கு ஆன், ஆஃப் இரண்டுதான் தெரியும். பிரேக் ரிலே வால்வுக்கு அளவும் தெரியும். கால் 2 பார் அனுப்பினால் அது சேம்பருக்கு 2 பார் கொடுக்கும், 4 அனுப்பினால் 4.

வாய்களின் எண்கள்

வால்வு உடம்பில் ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் ஓர் எண் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். மண்ணைச் சுரண்டினால் தெரியும். 1 என்றால் டேங்கிலிருந்து உள்ளே வரும் காற்று. 2 என்றால் சேம்பருக்குப் போவது. 3 வெளியேற்றும் வாய். 4 உத்தரவு வரும் வாய். 2 என்று ஒன்றுக்கு மேற்பட்ட வாய்கள் இருக்கும், இடது வலது சேம்பர்களுக்காக. 41, 42 என்று இரண்டு உத்தரவு வாய்கள் இருந்தால் அது வேறு ரகம். அதைப் பிறகு பார்ப்போம். கம்பெனி எதுவாக இருந்தாலும் ஐரோப்பிய, இந்திய வண்டிகளில் இந்த எண் முறை மாறாது. இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்க வால்வுகளில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும்.

உள்ளே நடக்கும் மூன்று நிலைகள்

வால்வை நெட்டாக வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு பெரிய பிஸ்டன், அதைச் சுற்றி ஓ ரிங். பிஸ்டனுக்கு மேலறை 4ஆம் வாயோடு சேர்ந்தது. கீழறை 2ஆம் வாயோடு, அதாவது சேம்பர்களோடு சேர்ந்தது. அதற்கும் கீழே ரப்பர் முகம் கொண்ட ஒரு சின்ன வால்வு, ஸ்பிரிங்கால் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, உடம்பில் உள்ள சீட்டில் (ரப்பர் உட்காரும் விளிம்பில்) அழுத்திக்கொண்டு டேங்குக் காற்றைத் தடுத்து நிற்கும். அந்த ரப்பர் வால்வின் நடுவில் துளை உண்டு. துளை நேராக 3ஆம் வாய்க்குப் போகிறது.

மிதிக்கும்போது: உத்தரவுக் காற்று மேலறைக்கு வந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனின் அடிவிளிம்பு முதலில் ரப்பர் முகத்தில் உட்கார்ந்து நடுத்துளையை அடைக்கிறது. வெளியேறும் வழி மூடியாயிற்று. இன்னும் கொஞ்சம் இறங்கி ரப்பர் வால்வையே சீட்டிலிருந்து கீழே தள்ளுகிறது. டேங்குக் காற்று திமுதிமுவென்று 1லிருந்து 2க்குப் பாய்ந்து சேம்பர்களை நிரப்புகிறது.

காலை ஒரே அளவில் பிடித்திருக்கும்போது: கீழறையிலும் காற்று ஏறி, மேலே உள்ள உத்தரவு அழுத்தத்துக்குச் சமமானதும் பிஸ்டன் ஒரு மயிரிழை மேலே எழும். ரப்பர் வால்வு தன் ஸ்பிரிங் விசையில் சீட்டில் உட்காரும். உள்வழியும் மூடல், வெளிவழியும் மூடல். இந்தச் சமநிலைதான் வால்வின் உயிர்நிலை. சேம்பரில் எங்காவது லேசாகக் கசிந்து அழுத்தம் குறைந்தால், பிஸ்டன் மறுபடி இறங்கிக் குறைந்ததை ஈடுசெய்யும். நல்லதுதான். ஆனால் கிழிந்த டயாஃப்ரத்துக்கும் ரிலே வால்வு சளைக்காமல் டேங்கைக் காலிசெய்து ஊட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலை எடுக்கும்போது: மேலறைக் காற்று கால் வால்வு வழியாக முன்னால் வெளியேறும். கீழறை அழுத்தம் பிஸ்டனை மேலே தூக்கும். நடுத்துளை திறக்கும். சேம்பர்க் காற்று முழுவதும் 3ஆம் வாயில் புஸ்ஸென்று அங்கேயே கொட்டிவிடும். கேபினுக்குக் கீழே கேட்கும் சின்னப் 'புஸ்' உத்தரவுக் காற்றும் முன் பிரேக்குக் காற்றும். பின்னால் கேட்கும் பெரிய 'புஸ்' ரிலே வால்வுடையது. இந்த இரண்டு சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி நோயைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

மூன்றாம் நிலையில் ஒன்றைக் கவனியுங்கள். கால் மிதியில் இல்லாதபோது 2ஆம் வாய்க்கும் 3ஆம் வாய்க்கும் நடுவே வழி திறந்தே கிடக்கிறது. சேம்பர் பக்கத்திலிருந்து எந்தக் காற்று திருட்டுத்தனமாக வந்தாலும் அது ரிலே வால்வின் வாயில்தான் வெளியேறும். வால்வுமேல் வீண்பழி விழுவது இங்கிருந்துதான்.

ஆள் ஒன்று, வேலை பல

சாதாரண பிரேக்குக்கான ரிலே வால்வைத்தான் மேலே பார்த்தோம். பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக்குக்கும் தனி ரிலே வால்வு இருக்கும். அங்கே கதை தலைகீழ். ஹேண்ட் பிரேக்கின் வேலையைச் செய்யும் ஸ்பிரிங் பிரேக், கால் பிரேக் சேம்பரோடு ஒட்டிய இன்னோர் அறை; இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்த அறையில் காற்று இருந்தால் பிரேக் விடும், காற்று போனால் உள்ளிருக்கும் கனத்த ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கும். ஆகவே அந்த ரிலே வால்வு வண்டி ஓடும் நேரமெல்லாம் காற்றைக் கொடுத்துக்கொண்டே நிற்கும்.

41, 42 உள்ள ரகம் இங்கேதான் வரும். ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கும் வண்டியில் டிரைவர் கால் பிரேக்கையும் அழுத்தினால், ஸ்பிரிங் விசையும் காற்று விசையும் சேர்ந்து ஒரே புஷ் ராடில் விழும். புஷ் ராடின் தள்ளலை பிரேக்குக்குக் கடத்தும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் கேம் ஷாஃப்டும் தாங்காது. அதனால் கால் பிரேக்குக் காற்று இரண்டாவது உத்தரவாகவும் வந்து, ஸ்பிரிங் பக்கத்துக்குக் காற்றனுப்பி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பின்வாங்கச் செய்யும்.

டிரெய்லரில் இருப்பது ரிலே எமர்ஜென்சி வால்வு. சிவப்புக் குழாய் டேங்குக்குக் காற்று தரும், மஞ்சள் குழாய் உத்தரவு தரும். சிவப்பு அறுந்தால் டிரெய்லர் டேங்கில் உள்ள காற்றைக் கொண்டே டிரெய்லர் பிரேக்கைத் தானாகப் பிடித்துவிடும்.

முன் ஆக்சிலில் பெரும்பாலும் ரிலே கிடையாது. குயிக் ரிலீஸ் வால்வு போதும். அது காற்றைச் சீக்கிரம் வெளியேற்றும், சீக்கிரம் கொடுக்காது. பார்வைக்குச் சின்னதாக ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாட்டிவிட முடியாது.

சோதனைக்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் பாதிச் சோதனை நடக்கும். கட்டை இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். கேபினில் இருப்பவர் நீங்கள் சொன்னால் ஒழிய மிதியைத் தொடக்கூடாது. ஸ்பிரிங் பிரேக்கின் கிளாம்ப்பை எந்தக் காரணத்துக்காகவும் ரோட்டோரத்தில் அவிழ்க்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். பட்டறையிலும்கூட, ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டிய பிறகே அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும்.

கசிவு எங்கிருந்து? வரிசையாகப் பிடிக்கும் முறை

1. டேங்கை முழுக்க நிரப்புங்கள். கம்ப்ரசர் காற்றை வெட்டிவிடும் அளவு வரட்டும். நம் வண்டிகளில் இது ஏறக்குறைய 8 பார். எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கால் பிரேக் ரிலே வால்வின் 3ஆம் வாயில் சோப்பு நுரை தடவுங்கள். லேசாக ஒரு குமிழி மெதுவாக வளர்ந்தால் கவலையில்லை. நுரையை ஊதித் தள்ளினால் அடுத்த படி.

2. இப்போது ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கசிவு நின்றுவிட்டதா? அப்படியானால் ரிலே வால்வு நல்ல வால்வு. கசிவது ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் நடுச்சுவர் சீல். ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கும்போது ஸ்பிரிங் பக்கத்தில் நிறைந்திருக்கும் காற்று, அந்தத் தேய்ந்த சீல் வழியாகக் கால் பிரேக் அறைக்குள் நுழைந்து, 2ஆம் வாய்க்குத் திரும்பி வந்து, 3ல் வெளியேறிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டதும் அந்தக் காற்றே இல்லாமல் போனது, சத்தமும் நின்றது.

3. எந்தப் பக்கத்துச் சேம்பர்? கசிவு இருக்கும் நிலையில், மிதியைத் தொடாமல், ஒரு சேம்பரின் கால் பிரேக் ஹோஸை மட்டும் சேம்பர் முனையில் அவிழ்த்துப் பாருங்கள். சேம்பர் வாயிலிருந்து காற்று வந்தால் அதுதான் ஆள். வராவிட்டால் திரும்ப மாட்டிவிட்டு அடுத்தது.

4. ஹேண்ட் பிரேக் போட்டும் கசிவு அதே மாதிரி தொடர்ந்தால், இப்போது ரிலே வால்வைச் சந்தேகப்படலாம். டேங்குக் காற்றைத் தடுக்கும் ரப்பர் முகம் சீட்டில் சரியாக உட்காரவில்லை.

5. கால் எடுத்தால் கசிவில்லை, மிதித்துப் பிடித்தால் மட்டும் 3ல் கசிகிறது என்றால், பிஸ்டன் விளிம்பு உட்காரும் இடம் பழுது. அதே ரப்பர் முகத்தின் உள்வட்டம்தான். மிதிக்கும்போது சத்தம் 3ல் இல்லாமல் சேம்பரின் ஓட்டைகளில் கேட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இரண்டாம் படியைத் திருப்பியும் செய்து பார்க்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டபடியே காலால் மிதியுங்கள்; ஹேண்ட் பிரேக் பக்கத்து வால்வில் காற்று வெளியேறினால் அதே நடுச்சுவர் சீல்தான், காற்று எதிர்த்திசையில் கடக்கிறது. ஆனால் 41, 42 உள்ள ரிலே வண்டியில் இந்தத் திருப்பு வேலை செய்யாது. அங்கே கால் பிரேக்கை மிதித்தால் ஸ்பிரிங் பக்கத்துக்குக் காற்று வேண்டுமென்றே போகிறது. அதைத் தெரியாமல் நல்ல சேம்பரைக் கழற்றிவிடக்கூடும்.

எவ்வளவு இறக்கம் வரை பொறுக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத் தேர்வில் வைத்திருக்கும் அளவை எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லர் இல்லாத வண்டி, எஞ்சின் நின்ற நிலையில், கால் மிதியில் இல்லாமல் ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. மிதித்துப் பிடித்த நிலையில் 3 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 0.2 பார். கேபின் முள்ளில் இவ்வளவு சின்ன அசைவு சரியாகத் தெரியாது. தனி கேஜ் மாட்டிப் பார்ப்பதே உத்தமம்.

அழுத்தம் சரியாகப் போகிறதா?

கசிவே இல்லாமல் வால்வு மந்தமாகிப் போவதும் உண்டு. இரண்டு கேஜ் வேண்டும். ஒன்றை டி (மூன்று வாய் இணைப்பு) போட்டு 4ஆம் வாயிலும் மற்றதைச் சேம்பர்க் குழாயிலும் மாட்டுங்கள். மிதியை மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். உத்தரவு 0.3 பார் அளவுக்கு வரும்போதே சேம்பர்க் கேஜின் முள் அசைய ஆரம்பிக்க வேண்டும். பிறகு 2, 4, 6 பார் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு முள்ளும் கூடவே ஏற வேண்டும். உத்தரவு 1 பார் தாண்டியும் சேம்பரில் ஒன்றும் இல்லையென்றால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை எடுத்ததும் சேம்பர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழ வேண்டும். அரை பாரில் தொங்கிக்கொண்டிருந்தால் லைனிங் டிரம்மோடு உரசிக்கொண்டே ஓடுகிறது. டிரம் சூடு, டீசல் செலவு, டயர் வெடிப்பு எல்லாம் இந்த அரை பாரிலிருந்து வரும்.

இங்கே பலர் சறுக்குவது லோடு சென்சிங் வால்வு விஷயத்தில். அது கால் வால்வுக்கும் ரிலேவுக்கும் நடுவில் இருந்து, வண்டி காலியாக இருக்கும்போது உத்தரவையே குறைத்து அனுப்பும். கால் வால்வில் 6 பார், சேம்பரில் 3 பார் என்று பார்த்துவிட்டு ரிலேவைக் குறை சொல்லக்கூடாது. ஒப்பிட வேண்டியது ரிலேவின் 4ஐயும் 2ஐயும் மட்டுமே. ஏபிஎஸ் வண்டிகளில் ரிலேவுக்கும் சேம்பருக்கும் நடுவில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மாடுலேட்டர் இருக்கும். அதற்குச் சொந்தமாக ஒரு வெளியேற்று வாயும் உண்டு. அந்தச் சத்தத்தையும் ரிலே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

காற்று வெளியேறுவது மட்டும் தாமதம் என்றால் வால்வை அவிழ்க்கும் முன் 3ஆம் வாயின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருப்பதை நானே குச்சியால் நோண்டி எடுத்திருக்கிறேன். டிப்பர் வண்டிகளில் காய்ந்த சேறே போதும்.

திறந்து பார்த்தால்

டேங்கின் டிரெயினைத் திறந்து காற்று முழுவதையும் இறக்கிவிட்டுத்தான் 1ஆம் வாய்க் குழாயில் ஸ்பேனர் வைக்க வேண்டும். குழாய்களுக்கு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் புள்ளி போதும். அடியில் உள்ள சர்க்கிளிப்பை (பூட்டு வளையத்தை) எடுக்கும்போது உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி எடுங்கள்.

ரப்பர் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதில் சீட் பதிந்து ஒரு வட்டக் கோடு இருக்கும். கோடு மெல்லியதாக, ஒரே சீராக இருந்தால் வால்வு பல நாள் ஓடும். பெரும்பாலும் அந்தக் கோட்டின்மேல் கடுகைவிடச் சின்னதாக ஒரு துரு மணி ரப்பரில் புதைந்திருக்கும். அவ்வளவு பெரிய சத்தத்துக்குக் காரணம் அதுதான். ரப்பர் உப்பி, தொட்டால் பிசுபிசுவென்றிருந்தால் கம்ப்ரசர் ஆயிலைத் தள்ளுகிறது. டேங்கில் பழுப்பாகப் பால்போல் தண்ணீர் வந்தால் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ் செத்துவிட்டது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் புது ரிலே மாட்டுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

வால்வை மாற்றாமல் ரிப்பேர் கிட் (உள்ளே மாற்றும் ரப்பர் பாகங்களின் செட்) போடுவதானால் மெட்டல் பாகங்களை மட்டும் கழுவுங்கள். ரப்பரைப் பெட்ரோலில் ஊறப்போட வேண்டாம். கிட்டோடு வரும் கிரீஸை மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். சேஸிஸ் கிரீஸ் ஆகாது. உடம்பின் உள்சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் கிட் வீண், வால்வையே மாற்ற வேண்டும். சென்னை பாடியில் 1962இல் சுந்தரம் கிளேட்டன் ஏர் பிரேக் பாகங்கள் செய்யத் தொடங்கியதிலிருந்து நமக்கு நல்ல வால்வும் கிட்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. பிரேக் விஷயத்தில் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத கிட்டுக்கு நான் கை நீட்டுவதில்லை.

மாட்டும்போது

3ஆம் வாய் தரையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே நிற்கும். இடது, வலது சேம்பர்க் குழாய்கள் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கட்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நார் பிய்ந்து உள்ளே போய் அதே ரப்பர் முகத்தில் உட்காரும், புது வால்வு முதல் நாளே கசியும். டிரெய்லரில் இரண்டு ரிலே இருந்தால் இரண்டும் ஒரே அழுத்தத்தில் திறக்கும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று 0.3 பாரிலும் மற்றது 0.7 பாரிலும் திறந்தால், லேசாக மிதிக்கும்போதெல்லாம் ஒரே ஆக்சில் வேலை செய்து அதன் லைனிங் மட்டும் தேயும்.

தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் லோடு வண்டிக்கு இந்த லேசான மிதிதான் நாள் முழுக்க. அங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ரிலே வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு மிதிக்கும் சேம்பர் நிறையக் காற்றை 3ஆம் வாயில் கொட்டித் தீர்க்கும். மிதித்து விட்டு, மிதித்து விட்டு இறங்கினால் கம்ப்ரசர் ஈடுகொடுக்காது. சூடேறிய டிரம்முக்கும் ரிலேவிடம் மருந்தில்லை. கியரைக் குறைத்து, எஞ்சின் புகைவழியை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கோடு இறங்குவதுதான் வழி.

எல்லாம் மாட்டியபின் டேங்கை நிரப்பி, எல்லா மூட்டுகளிலும் சோப்பு நுரை தடவி, மேலே சொன்ன ஐந்து படிகளையும் இன்னொரு முறை செய்யுங்கள். பிறகு காலி வண்டியை ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டி நான்கைந்து முறை பிரேக் பிடியுங்கள். இறங்கி வந்து டிரம்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் ரிலேவிடம் திரும்பப் போகாதீர்கள். அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே காற்றைத்தான் கொடுக்கிறது. அந்தப் பக்கத்து ஸ்லாக் அட்ஜஸ்டரையும் கேம் புஷ்ஷையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.